விசுவாசமும் அன்றாடத் தொண்டும்

மரத்தின் வேர் மண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றது. அதைத் தோண்டிப் பார்த்த பின்னரே மரத்தின் நலத்தை அறிவோம் என்பார் ஒருவருமிலர். நிழலின் குளிர்ச்சியும் கனியின் சுவையுமே வேரின் நிலையை நமக்கு உரைத்துவிடுகின்றன. மனிதன் உள்ளத்தே கொண்டுள்ள விசுவாசமும் இத்தன்மையதே. இறைவன் அதனை நேரே காண்பார். அயலாரோ அதன் பயனைக் கொண்டே காண்பர். ஆதலின், கிறிஸ்துவை நம்புகிறோம் என்று நாவினாற் கூறும் நாம், அந்நம்பிக்கை நம் கைகளிலும் கால்களிலும் இறங்கியிருக்கின்றதா என்று அவ்வப்போது ஆராய்ந்து பார்த்தல் கடமையாகும்.

தொண்டு என்றவுடன் நம்மிற் பலருக்குப் பெருஞ்செயல்களே நினைவுக்கு வருகின்றன. கடல் கடந்து செல்லுதல், செல்வத்தைத் துறத்தல், உயிரையே ஈதல் ஆகிய இவையே தொண்டென்று எண்ணி, அத்தகைய வாய்ப்பு நமக்கு வாய்க்கவில்லையே என்று வாளாவிருந்து விடுகிறோம். ஆனால் ஒருவனது வாழ்நாளிற் பெருஞ்செயலுக்குரிய நாட்கள் ஒன்றிரண்டே. எஞ்சிய நாட்களெல்லாம் சிறு செயல்களால் ஆனவை. அவற்றில் விசுவாசம் விளங்காதாயின், அது நம் வாழ்நாளின் பெரும்பகுதியில் விளங்கவேயில்லை என்பதே பொருள். அன்றாடத் தொண்டு என்பது யாது, அது விசுவாசத்தை எங்ஙனம் விளக்குகின்றது என்பதை, நம் நாட்டில், நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையிற் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, ஆண்டவர் தம் மாணாக்கருக்குக் கற்பித்த முறையை நோக்குவோம். அடியுண்டு வழியிற் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதையை யாவரும் அறிவர். அவன் செய்தவை யாவை? அருகே சென்றான், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்திற் சேர்த்தான், செலவுக்குச் சிறிது பணம் கொடுத்தான், மீண்டும் வருவதாகச் சொன்னான். இவற்றுள் அற்புதம் ஒன்றுமில்லை. ஆண்டவர் தம் இறுதி இரவிலே சீடர்க்குக் காட்டிய பாடத்திற்கு வேண்டியிருந்தனவும் தண்ணீரும் ஒரு பாத்திரமும் ஒரு துண்டுமேயாம். அவர் உரைத்த நியாயத்தீர்ப்பின் காட்சியிலோ, பசித்தவன், தாகமுற்றவன், அந்நியன், ஆடையிலான், நோயாளி, சிறையாளி என்னும் அறுவரே குறிக்கப்பெறுகின்றனர். இவ்வறுவர்க்கும் வேண்டிய உதவிகளுள், கல்லாத ஏழை ஒருவன் செய்ய இயலாதது ஒன்றேனும் உண்டோ? அன்றியும், அங்குப் புகழப்பட்டவர்கள் தாம் ஆண்டவருக்குத் தொண்டு செய்ததையே அறியாதிருந்தனர் என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். எதிரே நின்றவனது பசியை மட்டுமே அவர்கள் கண்டனர்.

நம் தமிழ்நாட்டிற்கு இக்கருத்துப் புதியதன்று. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கும் ஒப்புரவிற்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தனர். கோடையிலே தண்ணீர்ப்பந்தல் வைத்தலும், வழிப்போக்கர் படுத்துறங்கத் திண்ணை கட்டுதலும் நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கங்களுள் நம் உள்ளத்தை மிகவும் உருக்குவது சுமைதாங்கிக் கல்லாகும். நிமிர்த்தி நட்ட இரண்டு கற்களின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி, ஆளின் தோளளவு உயரத்தில் அமைப்பது அது. தலைச்சுமையுடன் தனியே நடந்து வருவோர், பிறர் கைத்துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் தாமே ஏற்றிக்கொண்டு செல்லலாம். கருவுற்ற பெண் மகப்பேற்றிற்கு முன் இறந்துவிட்டால், அவள் நினைவாக இதனை நடுவது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. அவள் இறக்கி வைக்க இயலாது போன சுமையை எண்ணி, பிறர் சுமையையேனும் இறக்கிவைக்க ஓர் இடம் செய்து கொடுத்தனர் போலும். இக்கல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம்.

நிற்க. திண்டிவனத்தினின்று மேற்கே சென்றால் செஞ்சிக் கோட்டையின் குன்றுகள் தோன்றும். செஞ்சிக்கு வடமேற்கிலே, அங்காளபரமேசுவரி கோயிலாற் புகழ்பெற்ற மேல்மலையனூர் உள்ளது. இவையாவும் இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. முன்னாளில் தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. வானம் பார்த்த மானாவாரி நிலமும் ஏரிப்பாசன நிலமும் கலந்த நாடு இது. மழை பொய்த்தால் மக்கள் வாடுவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் வட தென் ஆர்க்காட்டுப் பகுதிகளையும் விட்டுவைக்கவில்லை.

இந்நாட்டிலே அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் என்னும் சங்கம் 1853-ஆம் ஆண்டிலே தோன்றியது. அதனைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள். அவர்தம் தந்தையார் மூத்த ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர். 1819-ஆம் ஆண்டிலே அமெரிக்காவினின்று கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தொண்டாற்றி, 1836-இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய புதல்வருள் ஒருவராகிய இளைய ஜான் ஸ்கடரும் மருத்துவரே. இவருடைய மகளே ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார். அவர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இராணிப்பேட்டையிற் பிறந்தார்.

பஞ்ச காலத்தில் ஐடா சிறு குழந்தை. பசியால் வாடிய பிள்ளைகள் மிஷன் வளவிலே திரண்டபோது, உண்ணவும் வலுவற்றுக் கிடந்தோர் வாயிலே ரொட்டித் துண்டுகளை இட்டவர்களுள் அச்சிறுமியும் ஒருவர். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. எனினும், அதன் பயனாக அவர் உடனே தொண்டிற்கு இசைந்தார் என்று எண்ணுதல் தவறு. அமெரிக்காவிலே நார்த்பீல்டு என்னும் ஊரிற் கல்வி பயின்ற காலத்தில், தாம் இந்தியாவில் ஊழியம் செய்யப்போவதில்லை என்றே உறுதி கொண்டிருந்தார். ஸ்கடர் குடும்பத்தார் பலர் சென்ற வழியிலே தாமும் செல்ல வேண்டுமென்று பிறர் எதிர்பார்த்ததையே அவர் வெறுத்தார். 1890-ஆம் ஆண்டில், தாயார் நோயுற்றிருந்தமையால், அவருக்குத் துணையாகச் சிலகாலம் இருந்து திரும்பவே திண்டிவனத்திற்கு வந்தார்.

அங்கே ஓரிரவு நிகழ்ந்ததனை ஐடா அம்மையார் பிற்காலத்திற் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றனர். இரவு நேரத்தில் ஒருவர் வீட்டு வாயிலுக்கு வந்தார். அவர் ஒரு பிராமணர். தம் இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் உயிருக்குப் போராடுவதாகவும், மருத்துவச்சியால் இயன்றது ஒன்றுமில்லை என்றும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும், அவரை அழைத்துக்கொண்டு தாமும் உடன் வருவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது தம் குல வழக்கத்திற்கு அடாது என்று அவர் துயரத்துடன் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் முஸ்லிம் ஒருவர் வந்தார். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்துக் குலத்தவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். ஐடா அவ்விரவு உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் பறையொலி கேட்டது. விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் அம்மூன்று கணவரையும் இகழ்தல் எளிது. ஆனால் அது நியாயமன்று. அவர்கள் தம் மனைவியரின்மேல் அன்பில்லாதவராயின், நள்ளிரவில் அந்நியர் வாயிலைத் தேடி வந்திரார். வழக்கத்தின் தளை அவர்களைக் கட்டியிருந்தது. அத்தளை இந்நாட்டிற்கு மட்டும் உரியதென்று சொல்வதற்குமில்லை. அமெரிக்காவிலே எலிசபெத் பிளாக்வெல் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றது 1849-இல். அதற்கு முன் அந்நாட்டுக் கல்லூரிகள் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் அளித்ததில்லை. பெண்ணைக் காணக்கூடாதென்று ஆண் மருத்துவனை ஒரு நாடு தடுத்தது. பெண் மருத்துவராகக் கூடாதென்று மற்றொரு நாடு தடுத்தது. இரண்டிற்கும் இடையே அகப்பட்டு மாண்டவர்கள் தாய்மார்களே.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதும், 1885-இல் டப்பரின் சீமாட்டியார் பெயரால் இந்தியப் பெண்களின் மருத்துவத்திற்கென ஒரு நிதி தொடங்கப்பெற்றது என்பதும் உண்மையே. ஆயினும், அந்நன்மை திண்டிவனத்து இரவு வரையில் வந்து சேரவில்லை. நகரத்தில் தோன்றும் நன்மை கிராமத்தை அடைவதற்குள் எத்தனை உயிர்கள் போய்விடுகின்றன! இடைவெளியை நிரப்புவதற்கு ஒருவர் வந்து நிற்க வேண்டியிருந்தது. அன்று வந்த மூவரும் தம்மை எதன்பொருட்டு அழைத்தனர் என்று ஐடா சிந்தித்தார், ஜெபித்தார். பின்னர்த் தம் பெற்றோரிடம் சென்று, தாம் மருத்துவம் கற்று மீண்டும் இந்நாட்டிற்கு வரப்போவதாக அறிவித்தார்.

அந்த முடிவின் தன்மையை நாம் உற்று நோக்க வேண்டும். அழுதல் எளிது, ஜெபித்தலும் எளிது. ஆனால் அவர் தம் ஜெபத்தை முடித்தபின் எலும்பின் பெயர்களையும் மருந்தின் அளவுகளையும் கற்கச் சென்றார். 1895-இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பின் நியூயார்க்கிலே கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1899-இல் பட்டம் பெற்றார். இரக்கம் அறியாமையோடு கூடினால் அது பயன் தருவதில்லை. அன்றிரவு ஐடாவுக்கு இரக்கம் குறைவாயிருக்கவில்லை, அறிவே குறைவாயிருந்தது. மாணவராகிய நாம் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. நாம் இன்று வகுப்பறையில் அமர்ந்து கற்கும் பாடம், நாளை ஏதோ ஒரு நள்ளிரவிற் கதவைத் தட்டப்போகும் ஒருவருக்கு உரியதாகலாம். பாடத்தை அலட்சியமாய்க் கற்பவன் அவருக்கு உரியதைத் திருடுகிறான் என்று சொல்வது மிகையாகாது.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா அம்மையார் தம் தோழியாகிய ஆனி ஹான்காக் என்பவருடன் வேலூருக்கு வந்து சேர்ந்தார். மருத்துவமனை கட்டுவதற்கென, ஷெல் என்னும் நியூயார்க் வணிகர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்திருந்தார். ஆனால் கட்டடம் எழுவதற்குக் காலம் வேண்டுமன்றோ? அதுவரை காத்திருப்போம் என்று அம்மையார் எண்ணவில்லை. தந்தையாரின் வீட்டிலே ஒரு சிறு அறை. அதில் ஒரே படுக்கை. அதுவே அவருடைய முதல் மருத்துவமனை. மருத்துவத்தில் வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தையாரும் அவ்வாண்டிலேயே காலமானார். தொடக்கத்தில் மக்களும் அஞ்சினர். பெண் மருத்துவரிடம் நம்பிக்கை வைக்கத் தயங்கினர். எனினும், இரண்டாண்டுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார் என்பர்.

இப்பணியில் அவருக்கு முதல் துணையாய் நின்றவர் யார்? வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியாகிய சலோமி என்னும் தமிழ்ப் பெண்மணியே. இவர் எக்கல்லூரியிலும் பயின்றவரல்லர். மருந்து கலக்கவும், துணி வெந்நீரிலிட்டுச் சுத்தம் செய்யவும், அஞ்சி வரும் பெண்களைத் தேற்றவும் கற்றுக்கொண்டு அவ்வேலையை நாடோறும் செய்தார். ஐடா அம்மையாரின் பெயரை உலகம் அறியும். சலோமியின் பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும், அயல்நாட்டு மருத்துவரைக் கண்டு நடுங்கிய ஒரு தாய்க்கு, தன் மொழியிலே தன் ஊர்ப் பெண்ணொருத்தி ஆறுதல் சொன்ன அச்சொல்லும் மருந்தேயன்றோ? அன்றாடத் தொண்டின் இலக்கணத்தை நாம் காணவேண்டுமாயின் சலோமியிடத்துக் காணலாம்.

1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பெற்றது. ஆனால் மருத்துவமனை வேலூரில் இருந்தது. நோயாளிகளோ ஊர்தோறும் இருந்தனர். நடக்க இயலாதவர் எங்ஙனம் வருவர்? ஆதலின் அம்மையார் நோயாளியை நாடித் தாமே செல்லத் தலைப்பட்டார். குறித்த ஒரு கிழமையில், குறித்த சாலை வழியே, முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் வண்டியிலும் சென்று, மரத்தடிகளில் நிறுத்தி மருத்துவம் செய்வார். புண் கழுவிக் கட்டுதல், கண்ணுக்கு மருந்திடுதல், பல் பிடுங்குதல், குழந்தைக்குப் பாலூட்டும் முறையைத் தாய்க்குச் சொல்லுதல் ஆகிய இவையே பெரும்பாலும் அங்கு நிகழ்ந்தன. தொழுநோயாளரும் அம்மரத்தடிகளில் வந்து அமர்ந்தனர்.

இச்சாலையோர மருத்துவத்தின் உயிர் எதிலிருந்தது என்று சிந்தித்துப் பார்த்தால், அது மருந்தில் மட்டும் இருக்கவில்லை. மறுவாரமும் வருவார் என்ற உறுதியில் இருந்தது. ஒருநாள் வந்து புண்ணைக் கட்டிவிட்டுச் சென்றவர் மீண்டும் வராவிடின், அக்கட்டே புண்ணை அழுகச் செய்யும். சமாரியன் தான் திரும்பி வருவதாகச் சத்திரக்காரனிடம் சொல்லிச் சென்றதன் கருத்தும் இதுவே. அன்றாடத் தொண்டின் முதல் இலக்கணம் திரும்பி வருதல்.

இரண்டாவது இலக்கணம், தான் செய்வதைப் பிறர்க்கும் கற்பித்தல். ஒரு மருத்துவர் ஆயிரம் கதவுகளுக்குச் செல்ல இயலாது. ஆகவே 1909-இல் தாதியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வேலூரிலே தொடங்கப்பெற்றன. பள்ளியிற் சேர ஆறு பெண்களேனும் முன்வருவரோ என்று அதிகாரிகள் ஐயுற்றனர். விண்ணப்பங்களோ அதற்குப் பன்மடங்கு வந்தன. 1922-இல் முதல் வகுப்பினராகிய பதினான்கு பெண்கள் தேறி வெளிவந்தனர். திண்டிவனத்தில் ஓரிரவில் உதவியின்றி மாண்டவர் மூவர். அதன் விளைவாய் முதன்முதல் எழுந்த பெண் மருத்துவர்கள் பதினால்வர். பின்னர் அரசாங்கம் மருத்துவர்க்குப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டுமென விதித்தபோது, பள்ளி மூடப்படுமோ என்னும் இடர் நேர்ந்தது. அதனையும் கடந்து, 1942-இல் அது பட்டக் கல்லூரியாயிற்று. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பெற்றனர். அம்மையாருக்குப்பின் இந்தியப் பெண்மணியாகிய டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். பணிவிடை கொள்ள வாராது பணிவிடை செய்யவே வந்த ஆண்டவரைச் சுட்டும் சுவிசேஷ மொழியே அக்கல்லூரியின் குறிக்கோளாக அமைந்தது. 1960-ஆம் ஆண்டு மே மாதத்திலே, எண்பத்தொன்பதாம் வயதில், ஐடா அம்மையார் கோடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

மூன்றாவது இலக்கணத்தை வேலூரிலேயே நிகழ்ந்த வேறொரு பணியினின்று அறியலாம். பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1948 முதல், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை முறையால் நிமிர்த்திக் கொடுத்தார். உலகம் வியந்தது. ஆனால் விரல் நிமிர்ந்தோர்க்கும் கால்களில் மீண்டும் மீண்டும் புண் தோன்றியது. காரணத்தை ஆராய்ந்தபோது, நோய் நேரே சதையைத் தின்பதில்லை என்றும், நரம்பு கெட்டமையால் வலி தோன்றுவதில்லை என்றும், வலி தோன்றாமையால் முள் தைத்தும் கல் குத்தியும் தெரியாமல் நடந்து புண்ணைப் பெருக்கிக்கொள்கின்றனர் என்றும் விளங்கிற்று. இதற்குரிய மருந்து யாது? நாடோறும் காலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுதல், எண்ணெய் தடவுதல், உள்ளங்காலை உற்றுப் பார்த்தல், மெல்லிய ரப்பர் அடிவைத்த செருப்பணிதல் ஆகியவையே. ஆண்டவர் தம் இறுதி இரவில் ஏந்திய தண்ணீர்ப் பாத்திரமும் துண்டும் இங்கே மருத்துவமாகவே நிற்பதை நாம் காண்கிறோம். அரிய அறுவையின் பயன்கூட இவ்வெளிய செயலால்தான் நிலைபெற்றது. அருவருப்பின்றி அருகிற் செல்லுதலே மூன்றாவது இலக்கணம். மேல்மலையனூருக்கு அண்மையிலுள்ள சேத்துப்பட்டிலே, கத்தோலிக்கத் திருச்சபையாரின் தூய தோமையார் மருத்துவமனையும் தொழுநோயாளருக்கு இவ்வகைத் தொண்டு புரிந்துள்ளது.

இங்கு ஒரு தடை எழுப்புவார் உளர். கிறிஸ்தவர் செய்யும் தொண்டெல்லாம் மதத்தைப் பரப்ப இட்ட தூண்டிலன்றோ என்பர். இவ்வினாவைக் கண்டு நாம் சினத்தல் ஆகாது. அது நம்மை நாமே வினவ வேண்டிய வினா. பசித்தவனது பசியைக் கொண்டு அவன் மனச்சான்றை விலைபேசுதல் தொண்டன்று; வாணிகம். ஆண்டவர் குணப்படுத்திய பத்துக் குஷ்டரோகிகளுள் ஒருவனே திரும்பி வந்து நன்றி கூறினான். மற்றை ஒன்பதின்மர்க்கும் அவர் கொடுத்த சுகத்தைத் திரும்பப் பெறவில்லை. எனினும், தன் விசுவாசத்தை ஒருவன் மறைத்துத் திரிய வேண்டுமென்பதும் இல்லை. ஏன் இதனைச் செய்கிறாய் என்று கேட்பார்க்கு உண்மையை உரைக்கலாம். கேளாதார்க்குச் செயலே போதும். திண்டிவனத்துக் கதவைத் தட்டியோர் மூவரும் மூவேறு வகுப்பினர். அவர்களுள் ஒருவரேனும் கிறிஸ்தவரல்லர். அவர்களை எண்ணியே ஒரு வாழ்நாள் முழுவதும் அர்ப்பணிக்கப்பட்டது.

இனி, எம்மைப் பற்றிய ஒன்றனை வெட்கத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் சிலர் சேர்ந்து மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சமூகத் தொண்டைப் பற்றி ஒருநாட் கூட்டம் நடத்தச் சென்றிருந்தோம். முந்திய இரவு அமாவாசை. அவ்விரவிலே கோயிலின் ஊஞ்சல் உற்சவத்தைக் காணப் பல மாவட்டங்களினின்றும் ஆயிரக்கணக்கானோர் வருவது வழக்கம். நாங்கள் காலையிற் பேருந்துக்குக் காத்திருந்தபோது, ஊர் திரும்பும் கூட்டம் பெரும்பாலும் கலைந்திருந்தது. புளியமரத்தடியிலே மூதாட்டி ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். வெறுங்காலோடு நெடுந்தூரம் நடந்ததனால் உள்ளங்கால் கொப்புளித்து வெடித்திருந்தது. அவர் எங்களில் ஒருவரை நோக்கி, "தம்பி, கொஞ்சம் தண்ணி ஊத்தி இந்தத் துணியைக் கட்டிவுடுப்பா, எனக்குக் குனிய முடியல" என்றார். எங்கள் பேருந்து அந்நேரம் வந்துவிட்டது. கூட்டத்திற்குக் காலம் கடக்கிறதே என்று எண்ணி, "இதோ யாராவது வருவாங்க பாட்டி" என்று சொல்லி ஏறிவிட்டோம்.

பேருந்து புறப்படுமுன் சன்னலின் வழியே கண்டது இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த பெண்மணி, நெற்றியில் கோயிற் குங்குமம் விளங்க, ஒரு செம்பில் வெந்நீருடன் வந்தார். தரையிலே அமர்ந்து அம்மூதாட்டியின் காலைத் தம் மடிமேல் எடுத்து வைத்துக் கழுவினார். அவருக்கு மூதாட்டி உறவினரும் அல்லர். பழக்கமானவரும் அல்லர் என்பது அவர்கள் பேச்சினின்று தெரிந்தது. எங்கள் கைகளிலோ நல்ல சமாரியனைப் பற்றிய சொற்பொழிவின் குறிப்பு இருந்தது. அன்று கூட்டத்தில் அதனைப் பேசினோம், கேட்டோர் பாராட்டினர். ஆயினும், அக்கதையில் எம் இடம் எது என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். அவசர வேலையாய் விலகிச் சென்ற ஆசாரியனும் லேவியனும் நாங்களே. கேட்டவர்கள் அந்நியனென்று நினைத்த சமாரியன் அந்தத் தேநீர்க்கடைப் பெண்மணியே. ஆண்டவர் அக்கதையைச் சொன்னது யாரை நோக்கி என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று. பக்தியுள்ளோரை நோக்கியே அவர் அதனைச் சொன்னார்.

இந்நிகழ்ச்சியினின்று இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, அன்பு கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய உடைமையன்று. பிறரிடத்தே அதனைக் காணும்போது தலைவணங்கிக் கற்றுக்கொள்ளுதலே முறை. மற்றொன்று, தொண்டு நாம் குறித்து வைத்த நேரத்தில், நாம் தேர்ந்த உருவில் வருவதில்லை. அது பேருந்து வரும் நேரத்தில் வரும். தேர்வுக்கு முந்திய இரவில் வரும். நாம் உறங்கும்போது வந்து கதவைத் தட்டும். இடையூறாக வருவதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளுதல் அன்றாடத் தொண்டின் நான்காம் இலக்கணம் எனலாம்.

அங்ஙனமாயின், மாணவராகிய நாம் செய்யக்கூடியவை யாவை? விடுதியிலே நமக்குச் சோறிடுவோரும், முற்றம் பெருக்குவோரும், கழிப்பறை கழுவுவோரும் உளர். அவர்களது பெயரை அறிந்து மரியாதையுடன் அழைக்கின்றோமா? உடன் பயிலும் ஒருவன் இரண்டு நாளாக உணவறைக்கு வரவில்லையெனில், ஏனென்று கேட்டோமா? மருத்துவமனையில் எந்த அறைக்குச் செல்வதென்று தெரியாமல் சீட்டைக் கையில் வைத்துத் திகைக்கும் கிராமத்தாருக்கு வழிகாட்டினோமா? தாலுகா அலுவலகத்து வாயிலில் மனு எழுதத் தெரியாது நிற்கும் முதியவர்க்குக் காசு வாங்காது எழுதிக் கொடுத்தோமா? விபத்துற்றோர்க்கும் மகப்பேற்றில் உதிரம் இழந்தோர்க்கும் வேண்டிய இரத்தத்தை, உடல்நலமுள்ள இளைஞர் தந்தாலன்றி வேறு யார் தருவர்? இன்றும் மகப்பேற்றில் தாய்மார் உயிரிழத்தற்குரிய காரணங்களுள் மிகுந்த இரத்தப்போக்கு முதன்மையானது. நாம் அமைதியாய்ப் படுத்துக் கொடுக்கும் சிறிது உதிரம், திண்டிவனத்து இரவைப் போன்ற மற்றோர் இரவை விடியச் செய்யக்கூடும்.

ஆயினும், இவற்றைச் செய்யும்போது காக்கவேண்டிய சில நெறிகள் உண்டு. பெறுவோர் முகம் நாணும்படி கொடுத்தல் ஆகாது. கொடுக்குங்கால் புகைப்படம் எடுத்து ஊரறியச் செய்தல் ஆகாது. அவர்க்கு வேண்டியது யாதென்று கேளாமல், நம்மிடம் மிஞ்சியதைக் கொடுத்து மகிழ்தல் ஆகாது. ஒருநாள் விழாவாகச் செய்து மறுநாள் மறத்தலும் ஆகாது. ஆண்டுக்கொருமுறை நூறு பேர் சேர்ந்து ஒரு கிராமத்திற்குச் செல்வதினும், வாரந்தோறும் இருவர் தவறாது சென்று பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் மேலானது. மரத்தடியில் அம்மையாரின் வண்டி வரும் நாளை எதிர்நோக்கியிருந்த மக்களை இங்கு நினைவுகூர்க.

இறுதியாக, தொண்டினால் விசுவாசம் விளங்குவதோடு வளரவும் செய்கின்றது என்பதனையும் குறிப்பிட வேண்டும். ஐடா அம்மையார் நிறைந்த விசுவாசத்துடன் திண்டிவனத்திற்கு வந்தவரல்லர். விரைவில் திரும்பிச் செல்ல விரும்பி வந்தவர். கதவு தட்டப்பட்டது, தம் இயலாமையை உணர்ந்தார், அதனை இறைவனிடம் ஒப்புவித்து எழுந்தார். ஐயங்களெல்லாம் நீங்கிய பின்னரே தொண்டு செய்வோம் என்று காத்திருப்பவன் ஒருநாளும் தொடங்கமாட்டான். நீரில் இறங்காது நீந்தக் கற்றவர் எவருமிலர்.

நாம் முன்னே கூறிய சுமைதாங்கிக் கல்லுக்கு வருவோம். திண்டிவனத்தில் மாண்ட அம்மூன்று பெண்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்களுக்குக் கல் நட்டார்களோ, அறியோம். ஆனால், இன்று வேலூரில் எழுந்து நிற்கும் பெரிய மருத்துவ நிலையத்தை அம்மூவரின் நினைவாக நட்ட சுமைதாங்கி என்றே நாம் கருதுகிறோம். அங்கே நாடோறும் எண்ணிறந்தோர் தம் சுமையை இறக்கி வைக்கின்றனர். அத்தகைய பெருங்கல்லை நாட்டும் பேறு நம்மில் எல்லார்க்கும் வாய்க்காது. ஆயினும், கல் எவ்வளவு சிறியதாயினும், ஒருவர் சுமையை ஒருநொடி இறக்கிவைக்க அது போதும். நம் கதவு தட்டப்படும்போது எழுந்து திறக்கும் மனத்தையும், திறந்தபின் உதவத் தக்க அறிவையும், உதவியபின் மறந்துவிடும் தாழ்மையையும் இறைவன் நம் யாவர்க்கும் அருள்வாராக.